தர மறுத்தார் என்று எழுதினேன்

இந்த வருடம் புதிதாகக் கிராம உதவியாளர் வேலைக்கு வந்தவர்களில் மூன்று பேர் இன்ஜினியரிங் முடித்தவர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். இந்த வேலைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது. உங்களுக்கு நாலு வருடப் படிப்பும் அதற்கு வாங்கிய கடனும் தேவைப்பட்டிருக்கிறது. குத்திக் காட்டவில்லை. உங்களுக்கு யாரோ ஒருவர் வழி காட்டியிருக்கிறார். அது தப்பான வழி. நானும் ஒரு முறை ஆறு பிள்ளைகளுக்கு அப்படி வழி காட்டினேன். சங்கத்தில் அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச வராது. எழுதித் தருகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

தீ விபத்து, தேர்தல், பிணம் கண்டெடுப்பது, இதெல்லாம் வேலைக்குப் போனால் தானாக வந்துவிடும். யாரும் சொல்லித் தராதது ஒன்று உண்டு. நம்மோடு நடந்து வருகிறவன் அரசாங்கம் ஆகிவிடுவான்.

நான் மலைமேல் திண்ணனூர் நாட்டில் இருபத்தெட்டு வருடம் தலையாரி. சர்வேயர் வந்தால் நான் முன்னே நடப்பேன். மின்வாரியத்தார் வந்தாலும், ஓட்டுப்பெட்டி வந்தாலும், ஊசி போட வந்தாலும் நான்தான் முன்னே. குன்றுக்குக் குன்று வீடு. ஆள் தெரியாமல் போனால் நாய் விடாது. என்னைப் பார்த்தால் நாயும் எழுந்திருக்காது. பின்னால் வருகிறவர் யாரென்று யாரும் கேட்டதில்லை. தலையாரி கூட்டி வந்தவர், அவ்வளவுதான். பட்டாவைக் கேட்டால் தருவார்கள். ரேஷன் கார்டைக் கேட்டால் தருவார்கள். வேலை முடிந்து திரும்பக் கொண்டுவந்து தருவது நான் என்று தெரியும். அப்படியே பழகிவிட்டது.

ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது, பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் ஒருவர் செம்மேட்டில் என்னைப் பிடித்தார். வெள்ளைச் சட்டை. கழுத்தில் அட்டை. கீழே ஒரு தனியார் கல்லூரியில் இருந்து வருவதாகச் சொன்னார். மலைப்பிள்ளைகளுக்கு எல்லாம் இலவசம், அரசாங்க உதவித்தொகையிலேயே படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு, முடித்ததும் ஆஸ்பத்திரியில் வேலை. வழி மட்டும் காட்டுங்கள் என்றார். நல்லதுதானே என்று நினைத்தேன். இரண்டு நாள் கூட்டிப் போனேன். மத்தியானம் ஒரு பிரியாணிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எந்த வீட்டிலும் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்கள். "குடுக்கலாம்ங்களா தலையாரி?" குடுங்க என்றேன். ஆறு வீட்டில் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று எல்லாம் ஒரிஜினலாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஒரே ஒரு பிள்ளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. கருப்பண்ணன் மகள் வெண்ணிலா.

"ஜெராக்ஸ் குடுத்தாப் பத்தாதுங்களா மாமா?"

"ஒரிஜினல்தான் கேக்கறாங்க கண்ணு. குடு."

குடுத்துவிட்டது. குடு என்ற அந்த ஒரு சொல் என்னுடையது.

வெண்ணிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்கள் விவசாயம் செய்கிற காட்டை அளக்கப் போனோம். அளந்ததில் கருப்பண்ணனின் இரண்டு பலாமரங்கள் பக்கத்துக் காட்டுக்காரனுக்குப் போய்விட்டன. கருப்பண்ணன் வாயைத் திறக்கவில்லை. கீழ்நாட்டிலிருந்து வந்தவர் அளந்தது, சரியாகத்தான் இருக்கும் என்றிருந்தார். பிள்ளை மட்டும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. பத்தாவது படிக்கும்போது என்னிடம் வந்து, சர்வேயர் ஆக என்ன படிக்க வேண்டும் என்று கேட்டது. எனக்குத் தெரியாது. அடுத்த முறை அளவுச் சங்கிலி பிடிக்கப் போனபோது சர்வேயரையே கேட்டேன்.

"ஏனுங்க தலையாரி, இந்த வயசுல படிக்கப் போறீங்களா?"

"ஆமாங்க, பலாமரம் ரெண்டு போயிருச்சு, தேடோணும்."

சிரித்துவிட்டு, பாலிடெக்னிக்கில் சிவில் என்றார். அரசு பாலிடெக்னிக் என்றால் செலவே இல்லை என்றும் சொன்னார். நான் போய் வெண்ணிலாவிடம் சொன்னேன். சொன்னதோடு மறந்துவிட்டேன். அது மறக்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் வருவதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் தானே விண்ணப்பம் போட்டு வைத்திருந்தது. பிளஸ் டூ முடித்ததால் நேராக இரண்டாம் வருடம்.

இடம் கிடைத்தது. நாளை மறுநாள் மத்தியானத்துக்குள் ஒரிஜினலோடு வரவேண்டும் என்று செய்தி. வராவிட்டால் அடுத்தவருக்கு.

கருப்பண்ணன் வெள்ளைச் சட்டைக்காரரின் கல்லூரிக்குப் போன் போட்டார். ஒரு வருடப் பீஸ் கட்டினால் சான்றிதழ் தருவோம் என்றார்கள். அவர் காட்டையே விற்றாலும் அந்தப் பணம் வராது. அப்பனும் மகளும் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

"நீங்க வந்தாக் குடுத்துருவாங்க தலையாரி," என்றார் கருப்பண்ணன். அப்போதும் நம்பினார்.

அப்போது எங்களுக்கு வி.ஏ.ஓ. ஒரு பெண். நாகர்கோவில் பக்கம், கிறிஸ்தவர், என் மகள் வயதுகூட இல்லை. நான் வேலை கற்றுக்கொண்டது என்றால் அந்தப் பிள்ளையிடம்தான். வந்த முதல் மாதம் புறம்போக்கில் மரம் வெட்டியவன் ஒருவன், மகஜரில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முறைத்தான். மகஜர் உங்களுக்குத் தெரியும், கண்டதைக் கண்ட இடத்திலேயே எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கும் தாள். பழைய ஆட்கள் என்றால் இரண்டு மணி நேரம் கெஞ்சியிருப்பார்கள். இந்தப் பிள்ளை கெஞ்சவில்லை. "மறுத்தாருன்னா மறுத்தாருன்னு எழுதிரணும்லா. அதுவும் கண்டதுதானே," என்று எழுதத் தொடங்கியது. அவன் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டான்.

அந்தப் பிள்ளையிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அது நம்ம எல்லை இல்ல. நான் வர முடியாது. நீங்களும் அரசாங்கமாப் போவக் கூடாது. லீவு எழுதிக் குடுத்துட்டு வெறும் ஆளாப் போங்க."

"வெறும் ஆளு போனா மதிப்பானுங்களா?"

"மகஜர் எழுத சீலு எதுக்கு? பாத்த கண்ணும் ரெண்டு சாட்சியும் போதும்லா."

மறுநாள் முதல் பஸ்ஸில் மூன்று பேரும் இறங்கினோம். கருப்பண்ணன் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தார். முள்ளுக்குறிச்சியில் இறங்கி முகம் கழுவி, ஒரு சோடா குடித்து, வேறு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம்.

கல்லூரி பெரியது. முன்னால் ஒரு கூடம். அதில் எங்களைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எதையோ திரும்ப வாங்க வந்தவர்கள். சேர்க்கை மேலாளர் என்று ஒருவர். மரியாதையாகத்தான் பேசினார்.

"சீட்டை உங்க புள்ளைக்குன்னு எடுத்து வெச்சுட்டோம்ங்க. இனி வேற ஆருக்கும் குடுக்க முடியாது. ஒரு வருசப் பீஸைக் கட்டிட்டுத் தாராளமா வாங்கிட்டுப் போங்க."

"எல்லாம் இலவசம்னுதானுங்க சொன்னாங்க," என்றார் கருப்பண்ணன்.

"இங்க சேந்தா இலவசம்ங்க. வேற பக்கம் போனாத்தான் பீஸு."

இந்த வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இலவசம் என்று யாராவது உங்கள் ஊர்ப் பிள்ளைகளைத் தேடி வந்தால், விட்டுப் போவதற்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

"அப்ப தரமாட்டேன்னு எழுதிக் குடுங்க," என்றேன்.

"என்னத்துக்குங்க?"

"கொண்டு போயிக் காட்டறதுக்கு."

"அப்பிடியெல்லாம் எழுதித் தர்ற வழக்கம் இல்லீங்க பெரியவரே."

"செரி. நா எழுதிக்கறேன்."

கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். வெண்ணிலாவின் நோட்டில் ஒரு தாள் கிழித்தேன். என் எழுத்து மெதுவாகத்தான் வரும். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது.

"நா எழுதறேனுங்க மாமா. வேகமா ஆவும்."

"வேண்டாம் கண்ணு. இது என் கையெழுத்துல இருக்கோணும்."

ஏனென்றால் முதல் வரியே நான்தான். இந்தக் கல்லூரி ஆளை ஆறு வீட்டுக்கும் கூட்டிப் போனது நான். கொடுங்கள் என்று சொன்னது நான். இன்னார் இன்னார் சான்றிதழ்கள் என் முன்னிலையில் வாங்கப்பட்டன. இன்று நேரில் கேட்டபோது மேலாளர் தர மறுத்தார். இவ்வளவுதான் எழுதினேன். வெண்ணிலாவின் பெயரோடு நிறுத்தவில்லை. ஆறு பெயரும் போட்டேன்.

பக்கத்தில் ஒரு அம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர். மகனின் மதிப்பெண் பட்டியலுக்காக நாலாவது முறை வந்திருக்கிறாராம். என்ன எழுதுகிறீர்கள் என்றார். வாய்விட்டுப் படித்தேன். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாட்சிக் கையெழுத்துக் கேட்டேன். அவர் உடனே போட்டார். அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் ஒரு லாரி டிரைவர். அவர் பேனாவைத் தொடவில்லை.

"இதுல போட்டா எம் பொண்ணோடதத் தர மாட்டானுங்களே."

"இப்ப மட்டும் தந்துட்டானா?" என்றார் தறிக்காரம்மா.

டிரைவர் போட்டார். பின்னால் ஒருவர், எனக்கும் ஒண்ணு எழுதுங்க என்றார். அதற்குள் மேலாளர் வெளியே வந்துவிட்டார். தாளை வாங்கி நின்றபடியே படித்தார். மரியாதை போய்விட்டது.

"ஏஜெண்டுன்னு எங்களுக்கு ஆருமே கெடையாது. நீயா எவனையோ கூட்டிட்டு ஊடு ஊடாச் சுத்தியிருக்கற. இது தாலுகா ஆபீசுக்குப் போனா மொதல்ல ஆரு வேலை போகும்னு தெரியுமா? பென்சன் வேண்டாமா உனக்கு? ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்கு ஆறு புள்ளைங்கள வித்துப்போட்டு இங்க வந்து மகஜர் எழுதற."

எனக்கு வலித்தது. சொன்னது உண்மை. ஆனால் மலையில் ஒரு பாறை நிழலில் நானும் அந்த ஆளும் மட்டும் உட்கார்ந்து தின்றது அது.

"அவரு உங்க ஆளு இல்லீனா பிரியாணி உங்களுக்கு எப்பிடித் தெரியும்ங்க?" என்றேன்.

தறிக்காரம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. நான் மேலாளரிடமிருந்து தாளைத் திரும்ப வாங்கி, இடம் இருந்த ஓரத்தில் அதையும் எழுதினேன். நான் பிரியாணி சாப்பிட்டது. மேலாளர் அதைத் தன் வாயால் சொன்னது.

அவர் உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து என்னை மட்டும் கூப்பிட்டார். மேசை மேல் வெண்ணிலாவின் உறை இருந்தது. "இதை எடுத்துக்குங்க. அந்தத் தாளைக் குடுத்துட்டுப் போங்க."

"இன்னும் அஞ்சு இருக்குதுங்க."

"அஞ்சுக்கு நீங்க ஏன் பேசறீங்க? வந்தவங்களுக்குத்தான் தர முடியும்."

கருப்பண்ணன் கதவோரம் நின்றிருந்தார். "வாங்கிக்குங்க தலையாரி. நேரமாவுது," என்றார். அந்தக் குரல் அழுவதற்கு முந்தைய குரல்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆறும் வேண்டும் என்று உட்கார்ந்தால் வெண்ணிலாவின் இடம் போகும். ஒன்றை வாங்கிக்கொண்டு போனால் ஐந்து பேரை இரண்டாவது முறை விற்றவன் ஆவேன். யாரிடமும் கேட்க நேரம் இல்லை. நான் முடிவு செய்தது இது. தேதி இருப்பதை முதலில் எடு. தேதி இல்லாததை எழுதி வை.

உறையைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் பார்த்து எண்ணி வாங்கினேன். தாளைக் கொடுத்தேன். என் முன்னாலேயே நாலாகக் கிழித்தார். தாளைத் தருகிறேன் என்றுதான் ஒத்துக்கொண்டேன். இனி எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் டீக்கடை. தறிக்காரம்மாவும் டிரைவரும் அங்கே நின்றார்கள். நோட்டில் இன்னொரு தாள் கிழித்தேன். பஸ் வருவதற்குள் அதே வரிகளை மறுபடி எழுதினேன். முதல் முறையைவிட வேகமாக வந்தது. தறிக்காரம்மா கையெழுத்துப் போட்டார். இந்த முறை டிரைவர் தானாகவே பேனாவைக் கேட்டார்.

"அவன் மறுபடியும் கிழிச்சுட்டா?"

"மறுபடியும் எழுதுவேனுங்க."

"அப்ப நானும் மறுபடி போடறேன், போங்க."

மறுநாள் காலை பாலிடெக்னிக்கில் வெண்ணிலா ஒவ்வொரு தாளாக எடுத்து வைத்தது. எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார். கட்டிய பணத்துக்குக் கருப்பண்ணன் காயவைத்திருந்த மிளகில் நாலு படி விற்றது போதுமாக இருந்தது. மலைப்பிள்ளை என்பதால் ஹாஸ்டலுக்குக் காசு இல்லை. இவ்வளவு சின்ன விஷயம். இதற்கு நடுவில் நின்றவர்கள்தான் பெரியவர்கள். அவர்களைக் கூட்டி வந்தது நான்.

மலைக்குத் திரும்பியதும் அந்தத் தாளைத் தாசில்தாரிடம் என் கையால் கொடுத்தேன். வி.ஏ.ஓ. பிள்ளை மட்டும், நல்லா யோசிச்சாச்சா என்று கேட்டது. ஆச்சு என்றேன்.

எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. அது வரத்தான் செய்யும். கல்லூரிக்கும் நோட்டீஸ் போயிற்று. அவர்கள் பதில் சுத்தமாக இருந்தது. எங்களுக்கு மலையில் ஆளே இல்லை, பெற்றோர் தாங்களே கீழே வந்து விரும்பிக் கொடுத்தார்கள், அந்த முதியவர் மிரட்டினார். விசாரணை அதிகாரி நல்ல மனுஷன். என் வயதைப் பார்த்தார். ஓய்வுத் தேதியைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார்.

"நீங்க கூட்டிட்டுப் போனது, சாப்பிட்டது, இந்த ரெண்டு வரி இல்லாம வேற ஒண்ணு எழுதிக் குடுங்க. உங்க மேல ஒண்ணும் வராமப் பாத்துக்கறேன்."

"அந்த ரெண்டு வரிய எடுத்துட்டா அவரு மலைக்கு வந்ததுக்கு என்னங்க சாட்சி?"

அவர் என் தாளை மறுபடி எடுத்துப் படித்தார்.

"ஆறு ஊட்டுக்காரங்களும் தலையாரி சொன்னாரு, குடுத்தோம்பாங்க. கூட வந்தது ஆருன்னு அவங்களுக்குத் தெரியாதுங்க. எனக்குத்தான் தெரியும். நாந்தான் கூட நடந்தேன்."

"உங்க பென்ஷன் நிக்குமே."

"நிக்கட்டும்ங்க."

நின்றது. பதினான்கு மாதம். அந்த மாதங்களைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. மரவள்ளி இருந்தது, தின்றோம். வீட்டுக்காரி மட்டும் அவ்வப்போது, பிரியாணி வாங்கியாரட்டுமா என்று கேட்பாள்.

ஐந்து உறைகளும் நான் தாள் கொடுத்த ஒன்றரை மாதத்தில் வந்துவிட்டன. அனுப்பியவர் பெயர் இல்லாமல், தாலுகா ஆபீசுக்கு. நானே ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து போய்க் கொடுத்தேன். யாரும் எடுத்துப் போகச் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். கொடுக்கும்போது, இதை இனிமேல் நான் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். ஜெராக்ஸ் கொடுங்கள். வேண்டும் என்பவன் ஒரிஜினலை உங்கள் கண் முன்னால் பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். சேரும் நாளில், சேரும் இடத்தில், பிள்ளையின் கையால் மட்டும் கொடுங்கள். அதுவும் அரசு இடத்தை முதலில் கேட்டுப் பார்த்த பிறகு. இதை நீங்களும் ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். மே மாதத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் பரீட்சை எழுதும் முன்பே வாங்க வையுங்கள். அது உங்கள் வேலை இல்லை என்று யாராவது சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

நாலு பேர் அந்த வருடமோ அடுத்த வருடமோ அரசுக் கல்லூரியிலும் ஐ.டி.ஐ.யிலும் சேர்ந்தார்கள். வெண்ணிலா இப்போது கடைசி வருடம். ஐந்தாவது உறை முருகேசனுடையது. நான் கொண்டுபோனபோது அவன் இல்லை. சான்றிதழ் போனது போனதுதான் என்று நினைத்து, போர்வெல் போடுகிற லாரியில் ஏறி வடக்கே போய்விட்டான். அவன் அம்மா உறையை வாங்கி ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, பெட்டியில் வைத்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

ஆறில் ஐந்து. நல்ல காரியம் செய்தீர்கள் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். என் கணக்கில் அது ஒன்று குறைவு.

முருகேசனுக்கு மாதம் ஒரு முறை போன் போடுகிறேன். சில மாதம் எடுக்க மாட்டான். போன வாரம் எடுத்தான். பின்னால் எஞ்சின் சத்தம்.

"நல்லாருக்கியா சாமி?"

"இருக்கறனுங்க மாமா. சம்பளம் வருது."

"ஐ.டி.ஐ.யில பிட்டருக்கு இன்னும் வயசு இருக்குது. கேட்டுட்டு வந்தேன். ஹாஸ்டலும் உண்டாம்."

"பாக்கலாம்ங்க."

"பாக்கலாம்னா? எப்பன்னு சொல்லு."

"மாமா, ரெண்டு வருசமா இதையேதான் கேக்கறீங்க."

"ஆமா. எனக்குப் பென்சன் வருது. வேற வேலை இல்லை. நீ சேர்ற வரைக்கும் கேப்பேன்."

அவன் சிரித்தான். வண்டி கிளம்புது என்று வைத்துவிட்டான். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி மறுபடி போடுவேன்.